வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

டெல்லியிலிருந்து வரும் விருந்தாளிகளுக்குப் புதுச்சேரியின் பழைய தெருக்களைச் சுற்றிக் காட்ட ஒரு குழு போட்டிருந்தார்கள். ஊர்ச் சரித்திரம் தெரிந்தவள் என்று ஆசிரியை ஏவ்லினையும் அதில் சேர்த்தார்கள். கடற்கரையில் தொடங்கி, வெள்ளைக்காரத் தெருக்களைப் பார்த்து, பெரிய வாய்க்காலைத் தாண்டி, அந்தப் பக்கத் தமிழ்த் தெருவில் இருந்த சக்கரபாணியின் பழைய வீட்டில் முடியும்படி அவள் திட்டம் போட்டாள். தேக்குத் தூண் வைத்த அந்த முற்றத்தை நேரில் போய்ப் பார்த்து, சக்கரபாணியின் மனைவி தனக்கொடியிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தைய கடைசிக் கூட்டத்தில் குழுத் தலைவர் முகம் சுளித்தார். "அந்தப் பக்கம் ஒரே நாத்தம். வாய்க்காலோட நிறுத்திக்குங்க."

ஏவ்லின் தலையாட்டிவிட்டுத் திட்டத்தில் கடைசி வரியை அடித்தாள். தனக்கொடியிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூசி, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் விருந்தாளிகள் வந்து இறங்கிவிட்டார்கள்.

வாய்க்கால் ஓரம் வந்ததும் அவர்களைத் திருப்பினாள். எதிர்க்கரையில் பட்டுப்புடவையும் ஆரத்தித் தட்டுமாகத் தனக்கொடி நின்றிருந்தாள். ஏவ்லினைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள்.

"உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் போல. யார் அது?" என்றார் விருந்தாளி ஒருவர்.

"தெரியல" என்றாள் ஏவ்லின்.

சாயங்காலம் மனசு கேட்காமல் அந்த வீட்டுக்குப் போனாள். சுவரில் புதுச் சுண்ணாம்பு மணந்தது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று முதலியார்பேட்டை அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கட்டியிருந்த மாட்டைச் சக்கரபாணி திரும்ப ஓட்டி வந்துகொண்டிருந்தார். ஏவ்லினைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

"நான் கையாட்டுனத பாத்தீங்களா மதாம்?" என்று கேட்டாள் தனக்கொடி.

வெயிலில் கண் கூசியது என்று சொல்லிவிடலாம். "பாத்தேன்" என்றாள் ஏவ்லின்.

"நீங்க பாக்கலன்னுதான் இவருகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

"தப்பு என்னோடதுதான். அடுத்த தடவை குழுவுல சண்ட போட்டாவது கூட்டியாறேன், தனக்கொடி."

"வேணாம் மதாம். இனிமே வீட்ட யாருக்கும் காட்டறதா இல்ல. நீங்க கெளம்புங்க, இருட்டப் போவுது."

அடுத்த கூட்டத்தில் ஏவ்லின் எழுந்து நின்று, இனி வரும் விருந்தாளிகளுக்கு அந்தப் பக்கத் தெருக்களையும் காட்டாவிட்டால் தான் விலகிக்கொள்வதாகச் சொன்னாள். தலைவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். "எந்த வீட்டக் காட்டுறது? நீங்களே போய்ப் பேசிட்டு வாங்க" என்றார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.