யார் வைத்த பூ

வடிவாம்பாள் டேலியாச் செடிக்கு முன்னால் குனிந்து கத்தரியை வைக்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, காம்பை நீளமா விட்டு வெட்டு. இல்லாட்டி ஜாடிக்குள்ள முழுகிப்பூடும்."

ஓரகத்தி அம்சவேணி படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் காது மட்டும் கொல்லையிலேயே குடியிருந்தது.

"எனக்கும் கை இருக்குதும்மா," என்றாள் வடிவு. சொல்லிவிட்டு, வேண்டுமென்றே காம்பைக் குட்டையாக வெட்டினாள்.

மாசி பிறந்ததிலிருந்து செடிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பூத்திருந்தன. சாமிக்கும் தலைக்கும் மட்டுமே பூப் பறித்துப் பழகிய வீட்டில், ஜாடிக்கென்று பூ வளர்த்தவள் அம்சவேணி. வேலூர் கான்வென்டில் படித்தவள். "தண்ணியில நிக்க வெச்சு வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு பூவா?" என்று வடிவு ஆரம்பத்தில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் ஓடவில்லை. கல்யாணப் புடவை எடுக்க அம்பாசிடரில் வந்து இறங்கும் மெட்ராஸ்காரர்கள் பட்டுக்கடையாகவும் இருந்த வீட்டுக் கூடத்து ஜாடியைப் பார்த்து நின்றார்கள். நின்றவர்களை உட்கார வைப்பது சுலபம். உட்கார்ந்தவர்கள் வெறுங்கையோடு எழுந்ததில்லை. கமிஷன் கேட்காத தரகர் அந்த ஜாடி. "யாருங்க வெச்சது?" என்று அவர்கள் கேட்டால், "என் தம்பி சம்சாரம்" என்பார் குமாரசாமி, ஏதோ தானே பெற்று வளர்த்தது போல. அவருடைய சம்சாரம் வடிவு அப்போது உள்ளே அவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருப்பாள்.

நெஞ்சுவலி அதிகமாகி அம்சவேணி படுத்ததிலிருந்து ஜாடி காலியாகக் கிடந்தது. நேற்றுச் சாப்பிடும்போது, "கூடமே மொட்டையா இருக்குது. அம்சா எழுந்தா நல்லா இருக்கும்," என்றார் குமாரசாமி. எதிரே குனிந்து சோறு போட்டவளிடம், 'நீதான் வையேன்' என்று பேச்சுக்காவது ஒரு வார்த்தை? வரவில்லை. வராத அந்த வார்த்தைதான் இன்று வடிவை விடிந்ததும் கொல்லைக்கு இழுத்து வந்திருந்தது.

அம்சவேணி பூக்களை உயர உயர நிறுத்துவாள். வடிவு டேலியாக்களை நெருக்கி உட்கார வைத்தாள். சுற்றிலும் மஞ்சள் காஸ்மாஸ், இடுக்குகளில் மருக்கொழுந்து. அரக்குப் புடவை உடம்புக்கு மாம்பழ மஞ்சளில் கரை போட்ட மாதிரி வந்து விழுந்தது. அவளுக்கே திக்கென்றது.

வீட்டில் ஆண்கள் இல்லை. அம்சவேணியின் புருஷன் சிட்டிபாபு அவளுக்கு மருந்து வாங்க மெட்ராஸ் பஸ் ஏறியிருந்தான். குமாரசாமி சாயக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார். வடிவு ஜாடியை நேராக அம்சவேணியின் கட்டிலுக்குக் கொண்டுபோனாள்.

அம்சவேணியின் கண் குறை தேடி ஜாடியை ஒரு சுற்றுச் சுற்றியது. பிடித்த புடவையைப் பிடிக்காதது போலத் தள்ளி வைக்கும் முகங்களை வடிவு எத்தனையோ பார்த்தவள்.

"மருக்கொழுந்து எதுக்கு?"

"வாசனைக்கு. உன் டேலியாவுக்கு ஏது வாசனை?"

"இத்தினி வருசம் இதை எங்க ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தே?"

"நீ கேட்டியா?"

"கேட்டிருக்க மாட்டேன்." அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "எடுத்துக்கினு போ. என் கண்ணுல படாத எடமா வை."

வடிவுக்கு உச்சி முதல் பாதம் வரை இனித்தது. ஜாடியைக் கூடத்தின் நடுவில் வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள். பிறகு கஞ்சி ஆற்றி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அம்சவேணி இன்னும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள்.

"கோவமா? குடிச்சிட்டு அப்புறமா கோச்சிக்கோ."

தோளைத் தொட்டாள். உடம்பு கையோடு புரண்டு வந்தது.

மதியத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. குளிப்பாட்டுவதற்கு சிட்டிபாபு வரட்டும் என்று காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கமலாட்சி மூக்கைச் சிந்திவிட்டு ஜாடியைப் பார்த்தாள்.

"சாவற அன்னிக்கும் பூ வெச்சிட்டுத்தான் போயிருக்கா மகராசி. இந்தக் கை யாருக்கு வரும்?"

"நான் வந்தப்பவே இருந்துதும்மா," என்றார் குமாரசாமி, துண்டால் கண்ணைத் துடைத்தபடி.

வடிவு அவரையே பார்த்தாள். முப்பது வருஷமாக அவள் கை பிசைந்து போட்டதைத் தின்ற மனிதர். 'நான் வெச்சது' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஒருத்தி பாயில் கிடந்தாள்.

சிட்டிபாபு மருந்துப் பொட்டலத்தோடு வந்தான். பாயைப் பார்த்தான். அழவில்லை. பார்வை அலைந்து ஜாடியில் போய் நின்றது.

"எழுந்தாளா அண்ணி? காலையில எழுந்து நடந்தாளா?"

கூடத்தில் இருந்த அத்தனை முகங்களும் வடிவின் பக்கம் திரும்பின. இந்தக் கூடத்தில் எல்லோரும் அவளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எழுந்தா தம்பி," என்றாள். "கொல்லை வரைக்கும் அவளே நடந்து போனா."

"வலி இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

சிட்டிபாபு ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். "இவ வெச்சதுலயே இதான் அண்ணி..." என்றான். அதற்கு மேல் முடியாமல் உடைந்து அழுதான்.

கமலாட்சி வடிவின் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாம்மா, இனி குளிப்பாட்டணும். மஞ்சள் அரைச்சிட்டியா?" வடிவின் விரல்களைப் பார்த்துவிட்டு, "ஓ, அரைச்சிக்கினுதான் இருந்தியா," என்றாள்.

நகக்கண் வரைக்கும் காஸ்மாஸ் பூவின் தூள் மஞ்சளாக அப்பியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் அரைக்கணும் அக்கா."

வடிவு கொல்லைக்குப் போய் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கிழங்கை நசுக்கி, தண்ணீர் தெளித்து, விரல்களில் முதலில் ஒட்டியிருந்தது எது, பிறகு ஒட்டியது எது என்று தெரியாமல் போகும்வரை அரைத்தாள்.