அண்ணியின் பெயர்

“விஜயகலாட ஆக்கள் யாரு? இதில ஒரு கையெழுத்து வையுங்க” என்று தாதி நப்லா மரணப் படிவத்தை நீட்டினாள். அதை விஜயகலாவே கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

கட்டிலில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தவள் அவளுடைய அண்ணி இராஜம். காலையில்தான் மூச்சு நின்றிருந்தது. தமிழ்நாட்டு முகாமில் பிறந்தவள்; அங்கே அகதியாக இருந்த விஜயகலாவின் அண்ணன் சசியைக் கட்டிக்கொண்டு, அவனோடு தோணியேறி இலங்கைக்கு, ஓப்பநாயக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவள். அந்த நாட்டிலும் பதிவில்லை, இந்த நாட்டிலும் பதிவில்லை.

சிறுநீரகம் கெட்டுக் கால் வீங்கியபோது, ஆஸ்பத்திரியில் அட்டை கேட்பார்கள், பொலிசுக்குச் சொல்வார்கள் என்று இரண்டு வருடம் தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே கிடந்தாள். பொறுக்கமாட்டாமல் விஜயகலாதான் தன் அடையாள அட்டையைக் கொடுத்தாள். லயத்துப் பெண்களின் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்! ஒருவரும் பார்க்கவில்லை.

“மருந்துக்கு மட்டுந்தான் நான் நீ. சோத்துக்கு நானே நானு” என்று கிளினிக் வரிசையில் சிரித்தவள், இப்போது விஜயகலாவாகவே செத்துப்போயிருந்தாள்.

“வச்சிடு கலா” என்றான் சசி. “பொழுதுக்குள்ள கொண்டு போயிடலாம். வாயத் தொறந்தா நம்ம ரெண்டு பேரையும் உள்ள போடுவாங்க.”

“வச்சா நான் செத்தவ, அண்ணே. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா எந்த அட்டையில வருவேன்?”

“அத பொறவு பாத்துக்கலாம்.”

“அண்ணிக்கும் அப்புடித்தான் சொன்னோம்.”

சசி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். விஜயகலாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒளிந்து ஒளிந்து மருந்து வாங்கியவளைச் செத்த பிறகும் ஒளித்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“மிஸ், விஜயகலா நாந்தான். அவங்களுக்கு அட்ட இல்ல. என் அட்டைய குடுத்துக் கூட்டியாந்தேன்.”

நப்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “பொலிசுக்கு அறிவிக்கணும். இன்டைக்கு பிரேதம் தர மாட்டாங்க.”

“பரவால்ல. அறிவிங்க.”

நப்லா குரலைத் தாழ்த்தினாள். “அட்டை இல்லாட்டியும் பாத்திருப்போமே. வருத்தக்காரர திருப்பி அனுப்ப ஏலாது.”

இரண்டு வருடம். விஜயகலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கையெழுத்து வைக்காத படிவத்தை நப்லாவிடம் நீட்டினாள்.

நப்லா பெயரைக் கோடிட்டு அடித்தாள். “இவங்கட பேரு?”

விஜயகலா வாய் திறக்குமுன் சசி திரும்பினான்.

“இராஜம்னு எழுதுங்க மிஸ். என் பொஞ்சாதி.”

பிறகு வராந்தாவுக்குப் போய்த் தோட்டத்துக்குப் போன் எடுத்தான். “இன்னைக்கு இல்ல. குழிக்கு மேல தகரம் போட்டு வைங்க. மழ வரும்.”