ரோட்டரில் ஒரு முடி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரியவந்து, "அடப்பாவி, கூடப் பிறந்தவளையே கதையாக்கிட்டானே" என்று நீங்கள் திட்டக் கூடாது. ஆமாம், கூடப் பிறந்த அக்காதான். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சம்மதம் என்றால், "எழுதித் தொலை. ஆனா எங்கிட்ட காட்டாம எங்கேயும் அனுப்பாதே" என்றாள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் சம்மதம்.

அக்காவுக்கு எரிபொருள் கிடங்கின் மீட்டர் பட்டறையில் வேலை. டேங்கர் லாரியில் எவ்வளவு எண்ணெய் ஏறுகிறது என்று அளக்கும் டர்பைன் மீட்டர்களைக் கழற்றிக் கழுவி மாட்டுகிறாள். குழாய்க்குள் குட்டி விசிறி மாதிரி ஒரு ரோட்டர் இருக்கும். எண்ணெய் ஓடினால் அது சுற்றும். சுற்றை எண்ணினால் அளவு கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம். அவள் எண்ணெய் அளக்கிறாள், நான் கதை அளக்கிறேன். வீட்டில் யாருக்கு மரியாதை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2

முதல் தொடக்கம்: "மழை விட்ட மாலையில், மெலிந்த விரல்களால் அவள் அந்த உலோக மலரைத்

வேண்டாம். அக்காவின் விரல் எதுவும் மெலிந்ததில்லை. ரோட்டரை மலர் என்று சொன்னால் சிரித்தே என்னைச் சாகடிப்பாள்.

இரண்டாம் தொடக்கம்: "அவசரம் என்ற அந்த அயோக்கியன்

இதுவும் வேண்டாம். ஆனால் ஏன் இப்படி ஆரம்பித்தேன் என்று சொல்கிறேன். அக்காவோடு ஒரே மேசையில் வேலை செய்பவருக்குப் பட்டறையில் 'அவசரம்' என்று பட்டப்பெயர். சாப்பாடு, நடை, பேச்சு எல்லாமே அவருக்கு ஓட்டம்தான். எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. ஆள் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தினார்.

[வில்லன் வேடத்தை அத்தானும் கேட்டார். அக்காவைக் கட்டியவர் என்ற ஒரே தகுதிக்கு வேடமெல்லாம் தர முடியாது. இந்த அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்துகொள்ளட்டும்.]

3

கழுவுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கரைப்பானில் ஊறவைத்து, மென்மையான பிரஷால் ஒவ்வொரு இறக்கையாகத் தேய்த்து, நூலோ முடியோ அச்சில் சுற்றியிருந்தால் எடுத்து, காயவைக்க வேண்டும். கடைசியில்தான் தீர்ப்பு. ஒருவர் ரோட்டரைத் தூக்கிப் பிடிப்பார், எதிரில் இருப்பவர் "ஊது" என்பார். பிடித்தவர் வாயால் ஒரே ஒரு ஊது. ரோட்டர் சுற்றி, களைத்து, மெதுவாக நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் பேரிங் போச்சு.

கம்ப்ரஸர் காற்றை மட்டும் அடிக்கவே கூடாது. அடித்தால் ரோட்டர் விர்ரென்று பறக்கும், பார்க்க அழகாக இருக்கும், பேரிங் வீணாகும். பட்டறையில் எல்லோருக்கும் இது தெரியும். எல்லோருக்கும் ஒருதடவையாவது அடித்துப் பார்க்க ஆசையும் உண்டு.

இந்த நிலையில் அக்கா ஊதிய ரோட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீக்கிரமே நிற்கத் தொடங்கின.

"உண்மையைச் சொல்லு, கம்ப்ரஸர் வெச்சு அடிச்சியா?" என்று அவசரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, சத்தியமா இல்லக்கா!"

"அப்ப ரோட்டரெல்லாம் தானா கெட்டுப்போச்சா? உனக்குத்தான் எதையும் காயவைக்கப் பொறுமை கிடையாதே."

அக்கா சூப்பர்வைசரிடம் சொன்னாள். இன்னொரு பேரிங் போனால் வீட்டுக்குப் போகலாம் என்று அவர் அவசரத்திடம் சொன்னார். வில்லன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் என்று நானும் இரண்டு பக்கம் உற்சாகமாக எழுதித் தள்ளினேன்.

4

அந்த இரண்டு பக்கங்களைக் கிழித்ததற்குக் காரணம், அக்கா போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை.

"சீக்கிரம் நின்னுதுடா. ஆனா மெதுவாத்தான் நின்னுது."

சொல்லிவிட்டு அவளே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேரிங் போயிருந்தால் இடறிச் சட்டென்று அல்லவா நின்றிருக்க வேண்டும்?

மறுநாள் பெட்டியிலிருந்து புத்தம்புது ரோட்டர் ஒன்றை எடுத்து ஊதினாள். அதுவும் சீக்கிரம் நின்றது, மெதுவாக நின்றது. அவசரம் அவள் கையிலிருந்து வாங்கி ஊதினார். சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார் அவசரம்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. நின்றதும் நேராக சூப்பர்வைசர் அறைக்குப் போனாள்.

"பேரிங் எதுவும் போகல சார். போறது என் மூச்சுதான். அவன்மேல தப்பா பழி போட்டுட்டேன்."

சூப்பர்வைசர் நல்ல மனிதர். அதனால்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பட்டறையில் நாள் முழுக்கக் கரைப்பான் ஆவி. நுரையீரலைப் பரிசோதித்து, ஊதும் காற்றின் நம்பர் சரியாக இருந்தால் மட்டுமே மறுபடி மேசையில் உட்காரலாம். அக்காவுக்கு அந்த மேசைதான் உலகம். கல்யாண வீட்டில்கூடத் தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஓட்டம் சீராக இருக்கிறதா என்று பார்க்கிறவள் அவள்.

5

பரிசோதனைக்குத் துணைக்குப் போனது நான்தான். [அத்தான் வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். இப்போதாவது திருப்தியா, அத்தான்?]

பரிசோதகப் பெண் மூச்சை அளக்கும் ஒரு குழாயை எடுத்தாள். அதற்குள் பார்த்ததும் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, உள்ள ரோட்டர்! இது நம்ம மீட்டராச்சே! ஏம்மா, இதை எப்படிக் கழுவுற?"

"மருந்துத் தண்ணியில ஊறவெச்சு, நிழல்ல காயவைப்பேங்க."

"காத்து அடிக்கறதில்லையே?"

"அடிச்சா கெட்டுப்போயிடுமே!"

அடுத்த பத்தியை முதல் படியில் இப்படி எழுதியிருந்தேன்: "அக்கா உற்றுப் பார்த்தாள். அச்சில் ஒரு முடி சுற்றியிருந்தது. யாரும் கவனிக்காத ஒற்றை முடி. இதோடு ஊதினால் எந்த நம்பரும்

6

அக்கா படித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"முடியை எடு."

"கதைக்குத் தேவைக்கா."

"கதைக்கா, எனக்கா? நம்பர் கம்மியா வந்தா மீட்டர்மேல பழியைப் போட்டுக்கலாம்னுதானே வெச்ச?"

நான் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன்.

"ஒருத்தன்மேல நான் பழி போட்டது போதும்டா. அந்தப் பொண்ணு காலையில வந்து பதமா கழுவி வெச்சிருக்கா. அவமேல நீ வேற போடாதே."

"முடியை எடுத்துட்டா முடிவு என்னக்கா ஆகும்?"

முடிவுகள் கைவசம் இல்லாமல் இல்லை. நல்ல நம்பர் வந்து, அக்கா மேசைக்குத் திரும்பி, அவசரத்துக்கு மிட்டாய் கொடுக்கும் முடிவு ஒன்று. கெட்ட நம்பர் வந்து, இனி மேசையில் அக்கா ரோட்டரைப் பிடிக்க அவசரம் ஊதலாம் என்று கேட்டுப் பார்த்து, ஆவி ஆவிதான் என்று சூப்பர்வைசர் கையை விரிக்கும் முடிவு இன்னொன்று. இரண்டையும் நன்றாகவே எழுதியிருந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா இரண்டையும் திருப்பிக் கொடுத்தாள்.

"நம்பர் என்னோடது, கதை உன்னோடது. நம்பர்ல கை வெச்சே, தொலைச்சுடுவேன்."

நம்பர் எனக்குத் தெரியும். பக்கத்தில்தானே நின்றேன். ஆனாலும் சொல்ல மாட்டேன். நீங்கள் அவளைப் பார்த்ததில்லை. தொலைப்பேன் என்றால் தொலைப்பாள்.

7

முடி எடுக்கப்பட்ட படி:

அக்கா குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தாள். நூல் இல்லை, முடி இல்லை, கறை இல்லை. மெல்லச் சாய்த்தாள். ரோட்டர் சுற்றி, மெதுவாக நின்றது.

"ரொம்ப நல்லா கழுவியிருக்கேம்மா" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மீட்டர் சரியாத்தான்டா இருக்கு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு குறையும் இல்லாத ஒரு கருவியை நான் அன்றைக்கு வெறுத்ததுபோல் எதையும் வெறுத்ததில்லை.

பரிசோதகப் பெண் வாயில் வைக்கும் அட்டைக் குழலை மாட்டிக் கொடுத்தாள். "இழுங்க. இன்னும் இழுங்க. நிறைய."

அக்கா இழுத்தாள். தோள்கள் உயர்ந்தன. உதடுகள் குழாயைப் பற்றிக்கொண்டன. பட்டறை மேசையில் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதுபோல், புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறாள். எனக்கு வாய் வரவில்லை.

ஒரே சொல்தான் வாசகரே, உங்களுக்கும் தெரிந்த சொல். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சீக்கிரம் சொல்லுங்கள்.