சிவப்பு விளக்கு அணையும்வரை

அந்த வாத்தியக் குழுவில் யாராவது அருமையாக வாசித்துவிட்டால் மற்றவர்கள் கை தட்டுவதில்லை. எப்படித் தட்டுவார்கள்? கை நிறைய வாத்தியம். அதனால் இருந்த இடத்திலேயே ஷூவைத் தரையில் தேய்ப்பார்கள். சரசரவென்று மழை பிடித்தாற்போல் இருக்கும். கொம்புக்காரி தனக்காக அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கொம்புக்காரி என்பது குழுவினர் செல்லமாக வைத்த பெயர். வட்டமாகச் சுருண்டு வாய் அகன்ற பித்தளைக் கொம்பை ஊதுகிறவள். அந்த வரிசையில் முதல் நாற்காலி, அதாவது தனியாக வாசிக்கிற இடமெல்லாம் வருகிற நாற்காலி, அவளுடையது. போன வருஷம் ஈரமான மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் முன்பல் உடைந்துபோனது. மற்றவர்களுக்குப் பல் போனால் சிரிப்புதான் கொஞ்சம் கெடும்; இவளுக்குப் பிழைப்பே உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில்தான் இருந்தது. புதுப் பல் கட்டிக்கொண்டு, குளியலறைக் கதவைச் சாத்தி, ஊதி ஊதிப் பார்த்தாள். கீழ்வீட்டுக்காரர்கள் குழாயில் ஏதோ அடைப்பு என்று ஆளையே கூட்டி வந்துவிட்டார்கள்.

அவள் வீட்டுக்காரரும் அதே குழுதான். ஆளைவிட உயரமான பேஸ் வயலினை அணைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பவர். அவள் ஊதும்போதெல்லாம் வெளியே துணி மடிப்பதுபோல் நின்று கேட்பார். நன்றாக வந்தது என்று ஒருநாளும் பொய் சொன்னதில்லை. "இன்னும் வரலம்மா" என்பார், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு சிம்பொனியை ஒலிப்பதிவு செய்தார்கள். அதன் மெதுவான பகுதியின் முடிவில் மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோக, கொம்பு மட்டும் தனியே பாடி முடிக்க வேண்டும். கோல் பிடித்துக் குழுவை நடத்துபவரை எல்லாரும் கோல்காரர் என்பார்கள். நல்ல மனிதர்தான், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. அந்த முடிவு சரியாக அமைந்தால் முதல் நாற்காலி அவளுக்கே, இல்லையென்றால் பக்கத்து நாற்காலித் தம்பிக்கு என்று காலையிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மதியத்துக்குமேல் மண்டபம் வேறு ஆட்களுக்கு.

பதிவு தொடங்கியதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிகிறவரை மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட வேண்டும். முதல் தடவை, உச்சிக்கு ஏறும் இடத்தில் ஸ்வரம் பிசிறிவிட்டது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை. கொம்பைக் கவிழ்த்து உள்ளே தேங்கிய ஈரத்தைக் கொட்டினாள்.

இரண்டாம் தடவை வந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. உச்சியில் நின்று, சாவகாசமாக இறங்கி, கடைசி ஸ்வரம் கூரையைத் தொட்டுக் கரைந்துகொண்டிருந்தது. அது முழுக்க அடங்கும்வரை பதிவு ஓடும். ஒருவரும் அசையவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து சரக், சரக் என்று ஒரு ஜோடி ஷூ தரையில் தேய்ந்தது.

யாருடையது என்று அவள் திரும்பிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. தினமும் வாசல் மிதியடியில் கேட்கிற சத்தம் அல்லவா.

கண்ணாடி அறையிலிருந்து ஒலிப்பதிவு அம்மாவின் குரல் வந்தது. "கடைசி ஸ்வரத்தோட வால்ல ஷூ ஒட்டிக்கிச்சு. பிரிச்செடுக்க முடியாது. மறுபடி எடுக்கணும்."

மண்டபமே கடைசி வரிசையைப் பார்த்தது. மனுஷன் பேஸுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். அத்தனை பெரிய வாத்தியமும் போதவில்லை. தும்மலைக்கூட விளக்கு அணையும்வரை அடக்கி வைக்கிறவர், பாவம்.

"நல்லா வந்துச்சு," என்றார், யாரிடம் என்றில்லாமல். "கால் என் பேச்சைக் கேக்கல."

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அந்த உச்சிக்கு மறுபடி ஏற வேண்டுமே. கோல்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, உதடு ஓய்ந்திருந்தால் தம்பியை வாசிக்கச் சொல்லலாமா என்று கேட்டார். தம்பி அவள் பக்கம் சாய்ந்தான்.

"நீங்களே வாசிங்கக்கா. உங்க நாற்காலி ஆடுது, எனக்கு வேணாம்."

கோபத்துக்கு நடுவே அவளுக்கு ஒன்று உறைத்தது. ஒரு வருஷமாக 'இன்னும் வரல' என்று சொன்ன வாய் அது. பேச்சுக்குக்கூடப் பாராட்டாத மனிதரின் கால் தானாகத் தேய்ந்தது என்றால், வந்தது உண்மைதானே? ஒரு தடவை வந்ததற்கு மறுபடி வர வழி தெரியாமலா போகும்?

"நானே வாசிக்கிறேன் சார்," என்றாள். பிறகு பின்வரிசையைப் பார்த்து, "அந்தக் காலை மட்டும் யாராவது கட்டிப்போடுங்க."

சிரிப்பு அடங்கியதும் ஒருமுறை பின்னால் பார்த்தாள். வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சாக்ஸோடு நின்றார். கட்டைவிரல் பக்கம் ஓட்டை. காலையில்தான் வேறு போடச் சொல்லியிருந்தாள்.

விளக்கு எரிந்தது. ஏறும் இடத்தில் அவசரப்படாமல், தெரிந்த வீட்டுக் கதவைத் தள்ளுவதுபோல் உள்ளே போனாள். கடைசி ஸ்வரம் கூரைவரை போய், நின்று, தன்பாட்டுக்கு அடங்கியது. அதற்கப்புறமும் யாரும் அசையவில்லை.

"கிடைச்சாச்சு," என்றது கண்ணாடி அறை. விளக்கு அணைந்தது.

மண்டபம் முழுக்கச் சரசரவென்று மழை பிடித்துக்கொண்டது. கோல்காரரும் தன் மேடைப் பலகையில் காலைத் தேய்த்தார். அவள் கொம்பை மடியில் சாய்த்துக்கொண்டு திரும்பினாள். சாக்ஸ் காலைத் தேய்த்தால் சத்தம் எங்கே வரும்? வீட்டுக்காரர் பேஸைத் தரையில் கிடத்திவிட்டு, இரண்டு ஷூவையும் கையில் எடுத்து ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல்.