மாநாட்டுக்குப் போன மச்சான்

“ஏங்க, உங்க சட்டை எங்க அண்ணனுக்குத் தோள்ல பிடிக்குது. வேற எடுக்கட்டுமா?”

“எதையாவது மாட்டி அனுப்பு. சட்டையை யாரு பாக்கப்போறா? கழுத்துல தொங்குற அட்டையைத்தான் பாப்பாங்க.”

காலை ஏழரை மணி. நாடாவில் கோத்த அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் தன்னைப் பார்த்துக்கொண்டார் மச்சான். அட்டையில் இருந்த பெயர் அவருடையது அல்ல. தங்கை கணவருடையது.

தங்கை கணவர் வீட்டுப் பரிசோதகர். வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கூரை, சுவர், குழாய், ஒயர் என்று ஒன்று விடாமல் பார்த்து, எது சரி, எது கோளாறு என்று அறிக்கை எழுதிக் கொடுப்பார். கையில் டார்ச் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அதனால் ஊருக்கே அவர் ‘டார்ச் சார்’. இருபத்தாறு வருட அனுபவம்.

அவருடைய உரிமம் புதுப்பிக்கப்பட வேண்டுமானால், சங்கம் நடத்தும் மாநாட்டில் வருடத்துக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பயிற்சிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏழெட்டு வருடமாகக் காலையில் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு நழுவி, மாலையில் வந்து சான்றிதழை வாங்கிக்கொண்டிருந்தார். இந்த வருடம் காலை, மதியம், மாலை என்று மூன்று கையெழுத்தாம். ஒரு நாள் வேலை கெடுமே என்று யோசித்தவருக்கு, ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த மச்சான் நினைவுக்கு வந்தார்.

மச்சான் முப்பது வருடம் பஸ் கண்டக்டர்.

“டிக்கெட் எடுக்காம ஏறினவனை எத்தனையோ பேரைப் புடிச்சிருக்கேன் மாப்பிள்ளை. டிக்கெட்டை எடுத்துட்டு ஏறமாட்டேன்னு நிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்” என்றார் அவர்.

“அந்த பஸ் எங்கயும் போகாது மச்சான். நின்ன இடத்துலயே எஞ்சின் மட்டும் உறுமிட்டிருக்கும். அந்தக் காலத்து மாநாடு மாதிரி வருமா?”

அதில் பொய் இல்லை. முதல் மாநாடு நடந்தபோது சங்கத்தில் மொத்தமே நாற்பத்திரண்டு பேர். விடுமுறை நாளில், ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கூட்டம். முழங்காலை மடக்க இடமில்லாத குட்டை பெஞ்சு. கரும்பலகையில் யாரோ விட்டுப்போன கணக்கின் மேலேயே ஒருவர் கூரைச் சட்டம் வரைவார். ஆளுக்கொரு சாமான் கொண்டு வர வேண்டும் என்பது அன்றைய விதி. நல்ல சாமான் அல்ல, தான் கவனிக்காமல் கோட்டை விட்ட சாமான். கருகிய சுவிட்ச், செல்லரித்த கதவு நிலைத் துண்டு, உள்ளுக்குள் துரு அடைத்த குழாய். அதை மேசை மேல் வைத்து, “இதை நான் பாக்காம விட்டுட்டேன்” என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

முதல் வருடம் டார்ச் சார் வைத்தது மழைத்தண்ணீர்க் குழாயின் முழங்கை வளைவு. அதற்குள் முழுசாக ஒரு குருவிக் கூடு. “குழாயைப் பார்த்தியா, இல்ல குருவிக்கு வாடகைக்கு விட்டியா?” என்று கேட்டவர், ‘ஈரம்’ என்ற பட்டப்பெயர் கொண்ட மூத்த பரிசோதகர். எந்தச் சுவரைத் தொட்டாலும் “ஈரம் இருக்கு” என்பார், சொன்னால் இருக்கும். சாப்பாட்டு வேளையில் வகுப்பறைச் சுவரில் காதை வைத்து, விரல் மடக்கால் தட்டி, உள்ளே பூச்சு பிரிந்திருக்கும் இடத்தைக் காட்டுவார். நாற்பத்திரண்டு பேரும் வரிசையாகச் சுவரில் காதை வைத்து நிற்பார்கள். அந்தப் பக்கம் வந்த காவலாளி பயந்துபோய்த் தலைமையாசிரியருக்குப் போன் செய்த கதையும் உண்டு.

மாலையில் பஸ் நிலையம் வரை வாக்குவாதம் நடக்கும். பஸ் கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே போவார்கள். மறுநாள் வேலைக்குப் போனால், கண்ணைக் கழுவி மாட்டிக்கொண்டது போல இருக்கும்.

‘ஈரம்’ இறந்துபோய் ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. மாநாடு ஏசி மண்டபத்துக்குப் போய்விட்டது. எழுநூறு பேர். வாசலில் டைல்ஸ் கடை, பெயிண்ட் கடை. உள்ளே, திரையில் இருப்பதை அப்படியே படிக்கும் பேச்சாளர்கள். பழைய நாட்களை நினைத்துப் பெருமூச்சு விடுவது டார்ச் சாருக்குச் சுகமாக இருந்தது. அந்தப் பெருமூச்சே, போகாமல் இருப்பதற்கு நல்ல சாக்காகவும் ஆகிவிட்டது.

மாலை ஆறு மணிக்கு மச்சான் திரும்பி வந்தார். ஒரு தோளில் இலவசப் பை. சட்டைப் பையில் இரண்டு பேனா. சான்றிதழை மேசை மேல் வைத்தார்.

“யாரும் கண்டுபிடிக்கலையே?” என்று கேட்டார் டார்ச் சார்.

“யாரு கண்டுபிடிக்கிறது? காலையில கொஞ்சம் உதறல்தான். மதியம் நானே நாலு பேருகிட்ட உங்க பேரைச் சொல்லிப் பார்த்தேன். ‘அப்படியா சார், சந்தோஷம்’னு கை குடுத்துட்டுப் போயிட்டாங்க. அங்க உங்க மூஞ்சி தெரிஞ்ச ஆளு ஒருத்தர்கூட இல்ல மாப்பிள்ளை.”

நிம்மதி அடைய வேண்டிய செய்தி. ஆனாலும் எங்கோ சுருக்கென்று குத்தியது. இருபத்தாறு வருடம் இருந்த சங்கத்தில் தன் முகம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையா?

மனைவி டீ கொண்டு வந்தாள். “என்னண்ணே, நல்லாத் தூங்குனியா?”

“காலையில மூணு மணி நேரம் ஜம்முனு தூங்குனேன். மதியம் ஒரு டைல்ஸ்காரர் வந்தாரு, அவரும் தாலாட்டுதான். அதுக்கப்புறம் ஒரு இன்ஜினியரம்மா வந்தாங்க பாரு, நாப்பது நிமிஷம் கண்ணை மூடல. கண்ணாடியில வீடு மாதிரி ஒரு பெட்டி. அதுக்குள்ள குட்டியா வெந்நீர் போடுற ஒரு கேஸ் ஹீட்டர், மேல புகைக்குழாய். புகை அழகா மேல போகுது. அந்தம்மா ஜன்னலை எல்லாம் சாத்திட்டு, சமையலறை சிம்னியைப் போட்டாங்க. குழாய்ல மேல போன புகை அப்படியே திரும்பி வீட்டுக்குள்ள இறங்குது மாப்பிள்ளை!”

“ஒருநாளும் அப்படி வராது மச்சான். நான் பாக்காத ஹீட்டரா?”

“அதையேதான் அந்தம்மாவும் சொன்னாங்க. ‘இருபது வருஷமா பாக்குறவங்க இதை நம்ப மாட்டாங்க’ன்னாங்க. பழைய வீட்டுல ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்குன்னு காத்து வந்துட்டே இருக்குமாம். இப்ப காத்துப் புகாத ஜன்னலாப் போட்டுர்றாங்க. சிம்னியும் ராட்சசன் மாதிரி இழுக்குது. வெளியேத்துற காத்துக்குப் பதில் காத்து வேணும்ல? வேற வழி இல்லாம புகைக்குழாய் வழியா உள்ள வருது. அதுல வர்ற விஷக் காத்துக்கு வாசனையும் கிடையாதாம். தலைவலிக்கும், தூக்கம் வரும், அப்புறம் எந்திரிக்கவே மாட்டாங்களாம்.”

டார்ச் சார் டீயைக் கீழே வைத்தார்.

எழுந்து போய், அந்த மாதம் எழுதிய அறிக்கைகளை எடுத்து வந்தார். பதினொரு வீடு. நான்கில் வீட்டுக்குள்ளேயே கேஸ் ஹீட்டர். மூன்றில் பழைய ஜன்னல். நான்காவது, ஒரு டீச்சரம்மா வாங்கிய வீடு. விற்றவர் அதைப் புதுப்பித்துக் கொடுத்திருந்தார். டார்ச் சாரின் கையெழுத்திலேயே இருந்தது: ‘ஜன்னல்கள் புதியவை. சிறிதும் காற்றுப் புகாதவை. மிகச் சிறப்பு. கேஸ் ஹீட்டர் பழையது, நன்றாக இயங்குகிறது.’

அவர்கள் குடிவந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. உடனே போன் செய்தார்.

“வீடெல்லாம் நல்லாருக்கு சார்” என்றாள் டீச்சர். “புது பெயிண்ட் வாசனைதான் போல, தலைவலி மட்டும் விடமாட்டேங்குது. பாப்பாவும் சாயங்காலமானா சுருண்டு படுத்துக்கறா.”

“ஹீட்டரை அணைங்கம்மா. சிம்னியையும் அணைங்க. ஜன்னல் எல்லாத்தையும் திறந்துட்டு, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்து நில்லுங்க. இதோ வர்றேன்.”

மச்சானும் வண்டியில் ஏறிக்கொண்டார். நிகழ்ச்சி நிரல் தாளின் பின்பக்கத்தில், டிக்கெட் கணக்கு எழுதிப் பழகிய பொடி எழுத்தில், இன்ஜினியரம்மா சொன்னதையெல்லாம் குறித்து வைத்திருந்தார்.

டீச்சரும் கணவரும் குழந்தையும் வாசல் படிக்கட்டில் நின்றார்கள். டார்ச் சாரும் மச்சானும் உள்ளே போனார்கள். டார்ச் சார் ஜன்னல்களை மூடி, சிம்னியை ஓடவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்தார். ஹீட்டர் குப்பென்று பற்றியது. ஒரு தீக்குச்சியைக் கிழித்து அணைத்து, அதன் புகையைப் புகைக்குழாயின் வாயருகே பிடித்தார். புகை தடுமாறியது. பிறகு மெல்ல மேலே ஏறுவது போல இருந்தது.

“பாத்தீங்களா மச்சான்? மேலதான் போகுது. வீணா அவங்களையும் பயமுறுத்திட்டோம்.”

மச்சான் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்தார். “முதல்ல போற மாதிரி ஏமாத்தும்னாங்க. அஞ்சு நிமிஷம் விட்டுப் பாக்கணும்னு எழுதியிருக்கேன். இன்னும் ரெண்டுகூட ஆகல.”

நின்றார்கள். சிம்னி மட்டும் இரைந்தது. ஐந்தாவது நிமிடம் இன்னொரு குச்சியின் புகையைக் காட்டினார் டார்ச் சார். புகை குழாய்க்குள் போகவே இல்லை. வாயருகே ஒரு கணம் நின்று, திரும்பி, நேராக அவர் முகத்துக்கு வந்தது.

சட்டென்று எல்லாவற்றையும் அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்தார். குழந்தையை உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னார். ஹீட்டரை மாற்றும் வரை அதைத் தொடக் கூடாது என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “தப்பு என்னோடதும்மா. நான் பாக்கலை.”

டீச்சர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் மெதுவாகச் சொன்னாள்: “தலைவலி வந்தப்பல்லாம் உங்க ரிப்போர்ட்டை எடுத்துப் படிச்சேன் சார். மூணு தடவை. அதுல ஒரு குறையும் இல்லைன்னதும், எனக்குத்தான் ஏதோ வியாதின்னு நெனச்சுட்டேன்.”

டாக்டர் இரத்தம் சோதித்துப் பார்த்தார். இன்னும் சில நாள் போயிருந்தால் பெரிய விபரீதம் ஆகியிருக்கும் என்றார். குழந்தை இரண்டு நாளில் தேறி, ஓடியாட ஆரம்பித்தது.

டார்ச் சாருக்குத்தான் மனசு தேறவில்லை. மூன்றாம் நாள் காலையில் சான்றிதழை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

“சங்கத்துல போய்ச் சொன்னா உரிமத்தை நிறுத்திருவாங்களே, வீட்டுல உக்காந்து என்ன பண்ணுவீங்க?” என்று மனைவி கலங்கினாள்.

“போகட்டும் விடு. அந்தக் காலத்துல தப்பு பண்ணினா மறைக்க மாட்டோம்னு உனக்கு எத்தனை தடவை பெருமை அடிச்சிருக்கேன்.”

சங்க அலுவலகத்தில் இருந்த பெண் பதிவேட்டைப் புரட்டினாள். “நீங்க வந்திருந்தீங்களே சார். மூணு கையெழுத்தும் இருக்கே.”

“கையெழுத்து இருக்கும்மா. நான் இல்ல.”

நான்கு மாதம் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. மாநாட்டைத் தவறவிட்டவர்களுக்கு நடக்கும் அடுத்த பயிற்சியை முழுதாக முடித்தால்தான் மறுபடி வேலை. டார்ச் சார் அதுவரை எழுதிய பழைய அறிக்கைகளைத் தேடி எடுத்து, ஹீட்டர் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போன் செய்தார்.

நான்கு மாதம் கழித்துப் பயிற்சி நாள் வந்தது. அதே ஏசி மண்டபம், அதே டைல்ஸ் கடை. காலையில் பேசியவர் இந்த முறையும் திரையைத்தான் படித்தார். டார்ச் சாருக்குக் கொட்டாவி வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் கையைத் தூக்கிக் கேட்டார். கேள்வி வந்ததும் பேச்சாளர் திரையை விட்டுவிட்டுத் தன் சொந்த அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தார். தூங்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் அவர் வயதையொத்த ஒரு பரிசோதகர். மடியில் ஹெல்மெட். கையெழுத்துப் போட்டுவிட்டு எப்போது நழுவலாம் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், மதியக் கையெழுத்துக்குள்ள வந்துடுவேன். யாராவது கேட்டா டீ குடிக்கப் போயிருக்காருன்னு சொல்லிடுங்க. ஒரு வீடு பாக்கணும். இதெல்லாம் நமக்குத் தெரியாததா? இருபது வருஷத்துல பாக்காத வீடா?”

“நானும் ஏழெட்டு வருஷமா அப்படித்தான் சார் சொல்லிட்டிருந்தேன்” என்றார் டார்ச் சார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மச்சான் போனது, தீக்குச்சிப் புகை முகத்துக்குத் திரும்பி வந்தது, டீச்சர் மூன்று தடவை அறிக்கையைப் படித்தது எல்லாம்.

ஹெல்மெட்காரர் கதவிலிருந்து பார்வையைத் திருப்பினார். “அதுக்காக நாள் பூரா இங்க உக்காந்திருக்கணுமா சார்? பாதி பேச்சு குப்பை.”

“பாதி இல்ல சார், முக்கால்வாசி குப்பைதான். எந்தக் கால்வாசி நம்ம கண்ணுக்குத் தப்பினதுன்னு வெளிய போயிட்டாத் தெரியாதே! நாம கத்துக்கிட்டது போதும்னு நெனச்சுட்டோம். கட்டுறவன் அப்படி நெனக்கல, வருஷா வருஷம் வீட்டை மாத்திக்கிட்டே இருக்கான். நாம கத்துக்காம விட்டதுக்குத் தண்டனை நமக்கு வந்தாப் பரவாயில்ல சார். நம்மளை நம்புன குழந்தைக்குல்ல வருது.”

ஹெல்மெட்காரர் ஹெல்மெட்டை நாற்காலிக்கு அடியில் வைத்தார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

“குறிச்சுக்க பேனா ஒண்ணு இருந்தா குடுங்க சார்” என்றார்.