இரண்டு ரெசிஸ்டர்

முப்பத்தோரு வருஷம் தரமணியில் ஒரு கருவிக் கம்பெனியில் செத்த சிப்புகளைப் பிரித்துப் பார்த்தே தலை நரைத்தவர் சங்கரன். குரலோ சூடோ அழுத்தமோ, வெளியிலிருந்து வரும் அலையை எண்ணாக மாற்றிக் கொடுக்குமே, ஏடிசி என்று ஒரு சிப்பு, அதுதான் அவர் துறை. கரண்ட் அதிகமானால்தான் சிப்பு போகும் என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க, கரண்ட் இல்லாத நேரத்தில்தான் பாதி சிப்புகள் போகின்றன என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து வைத்துச் சொல்லுவார்.

"ஆத்துல எல்லாரும் தூங்கிண்டிருக்கச்சே விருந்தாளி கதவை இடிச்சுண்டு உள்ள வந்தா எப்படி இருக்கும்? அதான்!"

அணைந்து கிடக்கும் சிப்பின் வாசலில் அலை வந்து மோதினால் அது தப்பு வழியாக உள்ளே புகுந்து கொஞ்சம் சுட்டுவிட்டுப் போகும். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. அணைத்து அணைத்துப் போட்டால் ஒரு நாள் கதை முடிந்துவிடும். வாசலில் இரண்டு ரெசிஸ்டர் வைத்தால் போதும், மோதுகிற வேகம் அடங்கிவிடும். இந்தப் பிரசங்கத்தை ஒரு நாளும் முழுசாகக் கேட்காத ஒரே ஆள் அவர் மனைவி ஜானு. பாதியிலேயே எழுந்து காபி கலக்கப் போய்விடுவாள்.

அந்த ஜானுவுக்குத்தான் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுத்தாக வேண்டும், இரண்டு வாரத்தில் ஆபரேஷன் என்று டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். மயிலாப்பூரில் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சராக இருந்தவள், ஒரு பாட்டைக்கூடப் பதிவு பண்ண விட்டதில்லை. புனேயிலிருந்து மகள் மாளவிகா போனில் அழுதாள். "அம்மா, நேக்கு உன் குரல் வேணும்மா." அதற்கப்புறம்தான் பாடிப் பதிவு பண்ண ஜானு சம்மதித்தாள்.

செல்போனில் பதிவு பண்ணலாமே என்று யாராவது சொல்லியிருந்தால் சங்கரன் அடிக்கவே போயிருப்பார். இந்தக் குரலைச் செல்போனிலா? ரிச்சி தெருவுக்கு நாலு நடை நடந்து, உசத்தியான சிப்பு வாங்கி, மூன்றே நாளில் பெட்டி ஒன்று பண்ணினார். வீட்டுக் கரண்டின் இரைச்சல் கலந்துவிடக் கூடாதென்று மைக்குக்குத் தனி பேட்டரி. பெட்டிக்கு முன்னால் ஒரு ஸ்விட்ச். போட்டால் பதிவு, அணைத்தால் சிப்பும் அணைந்து நிற்கும். வாசலில் மறக்காமல் இரண்டு ரெசிஸ்டர்.

ஒரு வரி பாடவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டார். ஜானுவின் முகம் சுருங்கியது.

"ஏன்னா, பின்னாடி ஸ்ஸ்ஸுன்னு ஒண்ணு சீறிண்டே இருக்கே."

அவருக்குக் கேட்கவே இல்லை. ஆனால் அவளுக்குப் பாம்புக் காது. அந்த இரண்டு ரெசிஸ்டரும் துளி இரைச்சல் போடத்தான் செய்யும். சங்கரன் ஒரு நிமிஷம் யோசித்தார். பெட்டி இருக்கப்போவதே பதினொரு நாள். யார் இதை அணைத்து அணைத்துப் போடப்போகிறார்கள்? சூடான சால்டரிங் கம்பியால் இரண்டையும் எடுத்துவிட்டார். தன் குரலில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிப் பார்த்தார். சீறல் போயே போச்சு.

ஜானு இரண்டு நிபந்தனை போட்டாள். பாடும்போது யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது. எல்லாம் முடிகிறவரை யாரும் கேட்கவும் கூடாது. சங்கரன் தினமும் காலை பத்து மணிக்கு ஃபேனை அணைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். கதவிடுக்கில் மைக்கின் பச்சை விளக்கு அவள் குரலுக்குத் தகுந்தபடி துள்ளுவது தெரியும். நடுநடுவே இருமுவாள். இருமலைப் பின்னால் வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருந்தார். விளக்கு துள்ளுகிறதே, வேறென்ன வேண்டும் என்று நிம்மதியாக இருந்தார். அந்த விளக்கு மைக்கின் பேட்டரியில் எரிவது, சிப்பு உயிரோடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இந்த ஊரிலேயே கிடையாது. மனுஷன் மறந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜானு வீட்டுக்கு வந்த மறுநாள், அவள் தூங்கும்போது சங்கரன் பெட்டியைத் திறந்தார். அவர் சொன்ன ஒன்று, இரண்டு, மூன்று கண்ணாடி மாதிரி கேட்டது. அடுத்தது ஜானு. சுருதி சேர்க்கிறாள், "ஸா" என்கிறாள், சட்டென்று அறுந்துபோகிறது. மறுபடி "ஸா", மறுபடி அறுகிறது. முதல் நாளில் மட்டும் அப்படிப் பதினாலு துண்டு. ஒவ்வொரு துண்டிலும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரகரத்துக்கொண்டே வந்து, பதினாலாவதில் குரலே இல்லை. இரண்டாம் நாளிலிருந்து பதினோராம் நாள் வரை வெறும் கொர்ர்ர்.

அவருக்குப் புரிந்துவிட்டது. இருமல் வரும்போதெல்லாம் மகள் காதில் அது விழக் கூடாதென்று ஜானுவே ஸ்விட்சை அணைத்திருக்கிறாள். மைக் அணையவில்லை. எந்தப் பாட்டையும்விடப் பெரிதாக வந்த இருமல், தூங்கிக்கொண்டிருந்த சிப்பின் வாசலில் நேராகப் போய் இடித்திருக்கிறது. சங்கரன் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சாயங்காலம் வரை தாங்க முடியவில்லை, சொல்லிவிட்டார். ஜானு மடியிலிருந்த எழுதி அழிக்கிற சிலேட்டை எடுத்தாள்.

'நான்தானே அணைச்சேன்?'

"நீ அணைச்சா தாங்கணும்னுதான் அந்த ரெண்டையும் வெச்சேன். எடுத்தது நான்தான்."

'நான் சொல்லித்தானே எடுத்தேள்.'

"நீ ஆயிரம் சொல்லுவே ஜானு. தெரிஞ்சவன் நான். ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். மாளுகிட்ட என்னன்னு சொல்லுவேன்? எழுதாதே. என்னைத் திட்டு, நன்னாத் திட்டு. நேக்குத் தாங்கலை."

ஜானு சிலேட்டை எட்ட வைத்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது; ஒரு வாக்கியம், அப்புறம் இன்னொன்று, விரலை ஆட்டிக்கொண்டு நிறுத்தாமல் இன்னும். கழுத்தில் துளை போட்டிருந்த இடத்தில் வெள்ளைத் துணி உப்பி உப்பி அடங்கியது. காற்றுதான் வந்தது.

சங்கரன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் திட்டி முடிக்கிறவரை "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை.