பெரியவரின் வாயளவு

ஒரு விரால் மீனுக்குக் கூட்டாளி தேடிய கதை இது, கண்ணுகளா. நடுவில் சில குஞ்சு மீன்கள் போய்விடும். அதை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டிக்கு ரயில் வந்த மறு வருஷம். மலையெல்லாம் காப்பி. தோட்டங்களிலிருந்து மாட்டு வண்டியில் வந்து இறங்கும் காப்பிக்கொட்டையைச் சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டும் பெரிய ஸ்டோர் ஒன்று டவுனில் இருந்தது. நல்லம்மா அங்கே கொட்டை பொறுக்குகிறவள். ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு மழையில், தெருவோரத் தண்ணீர் ஓடும் கானுக்குள் விரல் நீளத்துக்குத் துடித்துக் கிடந்த விராலை முந்தானையில் அள்ளி வந்து ஸ்டோர் கிணற்றில் விட்டாள். மீன் கிடந்தால் தண்ணீரில் புழு நிற்காது என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அது ஒரு முழத்துக்கு மேல். அவள் வாளியைத் தட்டினால் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். அந்தப் பார்வைக்காகவே அவள் அதற்குப் பெரியவர் என்று பேர் வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்டோர் துரையின் பங்களாவுக்குச் சீமையிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி வந்து சேர்ந்தது. ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். துரைசாணி அதற்கு மீன் தேடிக்கொண்டிருந்தாள். கிணற்றில் பெரியவரைக் கண்டாள், தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரமே கிணற்றுக்கு மூடி போட்டு இரும்புக் குழாயும் வைத்தாயிற்று. இனிப் பெரியவர் திரும்பிப் போக வீடில்லை.

ஒற்றை மீன் பார்க்க அழகில்லை என்று துரைசாணி ஓடையிலிருந்து கோடு போட்ட குட்டி மீன்கள் பதினைந்தைப் பிடித்து வரச் சொல்லித் தொட்டியில் விட்டாள். வியாழக்கிழமை விட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பெரியவர் மட்டும் வயிறு புடைக்க நின்றார்.

பங்களாவில் சமைக்கிற குசினிக்காரர் கபிரியேல் வேதக்காரர், கிறிஸ்தவர். அவர் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தவக்காலத்து வெள்ளிக்கிழமை பாருங்க. எறச்சியத் தொடாம மீன மட்டும் சாப்பிட்டிருக்காரு. நம்ம ஆளுதான்."

துரைசாணிக்குச் சிரிப்பு வரவில்லை. தவக்காலம் முடிந்து வரும் பாஸ்குத் திருநாளன்று விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் தொட்டி நிறைய மீன் நிற்க வேண்டும், இன்னும் ஒன்று குறைந்தாலும் இந்தப் பெரிய மீன் குசினிக்குத்தான் என்று சொல்லிவிட்டாள். கபிரியேலுக்கு அது கெட்ட செய்தியாகப் படவில்லை. விராலைக் கொறுக்காய்ப் புளி போட்டுக் குழம்பு வைத்தால் எப்படியிருக்கும் என்பதை அவர் நல்லம்மாவிடமே விளக்கிச் சொன்னார்.

நல்லம்மா கூட்டாளி தேடுகிற வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஸ்டோரில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிற மூக்காயி விடுவாளா?

"அடியே, ஒம் மகளுக்கு மாப்பிள்ள பாக்கக்கூட நீ இம்புட்டு அலையலையேடி."

"அவ யாரையும் முழுங்க மாட்டாளே" என்றாள் நல்லம்மா.

முதலில் பனையேறிக் கெண்டைகள் இரண்டு கொண்டுபோய் விட்டாள். முள்ளும் முரடுமான மீன், பெரியவர் வாய் வைக்கமாட்டார் என்று கணக்கு. அவர் வாய் வைக்கவில்லைதான். ஆனால் அவை இரண்டும் தொட்டியை விட்டு ஏறி இறங்கி, துரை உட்கார்ந்திருந்த கதிரைக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தன. துரை காலைத் தூக்கிக் கதிரைமேல் வைத்துக்கொண்டே காப்பி குடித்தாராம். இந்த இரண்டு குறைந்த பழி பெரியவர் தலையில் விழவில்லை, நல்ல வேளை.

இனி எதுவும் ஏறி வராதபடி, ஸ்டோரில் ஒதுக்கிப் போட்ட கம்பிச் சல்லடை ஒன்றைக் கொண்டுவந்து தொட்டிமேல் மூடினாள். மூடிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாள் முழுக்க ஸ்டோரில் அவள் பார்ப்பது என்ன? சல்லடைக் கண்ணுக்குள் விழுந்த கொட்டை ஒரு பக்கம், விழாத கொட்டை ஒரு பக்கம். பெரியவரின் வாயும் ஒரு சல்லடைக் கண்தானே?

மறுநாள் ஆட்டு ஈரலை அரைத்து உருட்டி வந்தாள். கொட்டைப்பாக்கு அளவு ஒன்று, தேசிக்காய் என்கிற எலுமிச்சை அளவு ஒன்று, தோடம்பழம் என்கிற ஆரஞ்சு அளவு ஒன்று. முதல் இரண்டும் போன இடம் தெரியவில்லை. மூன்றாவதைக் கவ்விப் பார்த்துவிட்டுத் துப்பினார் பெரியவர். அந்தத் தோடம்பழ அளவுக்கு ஒரு பிரம்பை வளைத்துக் கட்டிக்கொண்டு, குண்டசாலைப் பக்கம் ஆற்றில் வலை போடுகிறவர்களிடம் போனாள். ஒவ்வொரு கெண்டையாக வளையத்துக்குள் விட்டுப் பார்த்தாள். நுழைந்தது அவர்கள் கறிக்கு. நுழையாமல் வயிறு மாட்டிக்கொண்டது தொட்டிக்கு. அப்படித் தேறியவை மூன்று.

முழுங்கவில்லை, கண்ணுகளா. ஆனால் விரட்டினார். தொட்டி முழுதும் தன் வீடு என்கிற மாதிரி, ஒரு மூலையிலும் நிற்க விடவில்லை. ஒரு கெண்டைக்கு வால் கிழிந்தது. பாஸ்குக்கு நாலே நாள். கபிரியேல் கொத்தமல்லி வறுக்கிற வாசனை வாசல் வரை வந்தது.

நல்லம்மா கொட்டையைப் பொறுக்காமல் வெறுமனே கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்து மூக்காயிக்கே மனசு கேட்கவில்லை. அவள் முன்பு தெல்தோட்டைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருந்தவள்.

"சீமத் தொட்டிய விடுடி. நாங்க குடியிருந்த லயத்துல நடந்ததக் கேளு. கடல் தாண்டி அக்கரையிலேருந்து புது ஆளுங்க வந்தா, பழைய ஆளுங்க காம்பராவுல சேக்கவே மாட்டாங்க. அடிதடிதான். கங்காணி என்னா செஞ்சாரு? சுண்ணாம்பு அடிக்கணும்னு எல்லாத்தையும் வெளியில போட்டாரு. அடுப்பக்கூட எடம் மாத்தி வச்சாரு. மொதல்ல புதுசு, பின்னாடிதான் பழசு. எம் மூலைன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாயில்ல."

அன்று பொழுது சாயுமுன்னே நல்லம்மா பெரியவரைப் பிடித்து ஒரு மரப்பீப்பாயில் விட்டு மூடினாள். தொட்டிக் கல்லையெல்லாம் புரட்டி, மீன் ஒளிந்துகொள்ளப் போட்டிருந்த உடைந்த பானை ஓட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்றினாள். கெண்டைகள் இரண்டு நாள் தனியாக உலாவி, இடம் பிடித்துக்கொண்டன. மூன்றாம் நாள் பெரியவருக்கு வயிறு முட்ட ஈரல் கொடுத்து, உள்ளே விட்டாள்.

அவர் நேரே தன் பழைய மூலைக்குப் போனார். அங்கே மூலை இல்லை, ஒரு கெண்டை இருந்தது. சுற்றி வந்தார். மேலே போய்க் காற்றைக் குடித்தார். நல்லம்மாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, வந்த விருந்தாளி மாதிரி, பானை ஓட்டுக்குப் பின்னால் போய் அடங்கிவிட்டார்.

பாஸ்கு ஞாயிறன்று விருந்தாளிகள் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார்கள். துரைசாணி விரல் மடக்கி எண்ணினாள். நாலும் இருந்தன. மறுபடி எண்ணினாள். நாலுதான். இனி இந்தத் தொட்டிக்கு நல்லம்மா சொல்லாமல் ஒரு மீனும் வரக்கூடாது என்று கபிரியேலிடம் சொல்லி அனுப்பினாள்.

அவர் சேதி கொண்டுவந்தபோது நல்லம்மா பின்வாசலில் நின்றிருந்தாள். அரைத்த மசாலாவை என்ன செய்தீர்கள் அண்ணே என்று கேட்டாள்.

"கத்தரிக்காய்க்குப் போட்டாச்சு" என்றார் கபிரியேல். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடல. ஈரல் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். எந்த அளவுக்கு உருட்டணும்?" என்று கேட்டார்.

"தேசிக்காய் அளவு" என்றாள் நல்லம்மா.